யாரது என்று கேட்ட பிறகு

"வந்துட்டான்க்கா. கதவைத் தட்டுனது அவன்தான்."

"வரலைங்குறேன். நான் என் காதால கேட்டதை..."

"'நாந்தான்'னு சொன்னான். அவ கையில இருந்த விளக்கு கீழ விழுந்துச்சு. அந்தச் சத்தங்கூட..."

"தபால்காரன்டி வந்தது. ஆளு வரலை. அதோட நாடகம் முடிஞ்சுபோச்சு. முழுசும் கேட்டவ சொல்றேன்..."

"முழுசும் கேட்டீகளாக்கும். ஒரு காது வடைச்சட்டியில, ஒரு காது ரேடியோவுல."

"ஒரு காதாச்சும் ரேடியோவுல இருந்துச்சுல்ல. உனக்கு ரெண்டும் செவுத்துலல்ல இருந்துச்சு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு, தை மூன்றாம் தேதி. ஆண்கள் எல்லோரும் விடியற்காலையிலேயே சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் அவித்த பனங்கிழங்கைக் குவித்து வைத்துக்கொண்டு பெண்கள் ஐந்தாறு பேர் தோல் உரித்துக்கொண்டிருந்தோம். என்னோடு மல்லுக்கு நின்றவள் எதிர்வீட்டுப் பெத்தாச்சி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டில் சமையல் வேலை. அந்த வீட்டுப் பொங்கலை முடித்துக் கொடுத்துவிட்டு அன்று காலை பஸ்ஸில்தான் வந்திருந்தாள். வந்த கையோடு, பொங்கலன்று ராத்திரி ரேடியோவில் போட்ட நாடகத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. முடிவு என்ன என்பதில் சண்டை.

தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் பொன்னுத்தாயி. என் வீட்டுக்காரர் கருத்தையாவின் தங்கை, எனக்கு நாத்தனார். கையில் இருந்த ஒரே கிழங்கில் நாரை இழுத்துக்கொண்டே இருந்தாள். அதில் நார் தீர்ந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

ஒரு நாடகத்தில் வந்தவன் புருஷனா தபால்காரனா என்று நாங்கள் அடித்துக்கொண்டது மற்றவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். பொன்னுத்தாயிக்கு அது வேடிக்கை இல்லை. அது எனக்குத் தெரியும். பெத்தாச்சிக்குத் தெரியாது.

எங்கள் ஊர் நெற்குப்பைக்குக் கிழக்கே நாலு மைல். ஊருக்குப் பொதுவாக ஒரு ரேடியோ இருந்தது. பஞ்சாயத்து ஆபீசை ஒட்டி ஒரு சிறிய அறை, அதற்குள் பூட்டுப் போட்ட மரப்பெட்டியில் ரேடியோ, வெளியே கம்பத்தின் உச்சியில் குழாய். அறுபத்து மூன்றில் வந்தது. சாவி பெத்தனிடம் இருக்கும். அவன்தான் பஞ்சாயத்துக் காவலாள். சாயங்காலம் ஆறரைக்குத் திறப்பான், எட்டரைக்கு நிறுத்துவான். எட்டரைக்கு மேல் ஒரு நிமிஷம் ஓட்டினாலும் தன் வேலை போய்விடும் என்பான். அந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று அவனுக்கும் தெரியாது.

நாடகங்கள் எட்டு மணிக்குத் தொடங்கும். ஒன்பது வரை போகும். அதனால் ஊரே மணலில் உட்கார்ந்து பாதி நாடகம் கேட்கும். தீபாவளி வாரம், பொங்கல் வாரம் வந்தால் தினமும் ஒரு நாடகம், தினமும் பாதி. ஒருத்தியைக் கொலைகாரன் துரத்திக்கொண்டு வருவான், எட்டரை ஆகிவிடும். ஒருத்தன் ரகசியத்தைச் சொல்ல வாயைத் திறப்பான், எட்டரை ஆகிவிடும். பெத்தனைத் திட்டிக்கொண்டே பாயைச் சுருட்டிக்கொண்டு போவார்கள்.

முடிவைக் கேட்டவள் ஊரில் நான் ஒருத்திதான். ரேடியோ அறைக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே மண்சுவர். இந்தப் பக்கம் நெல் குலுக்கை வைத்திருக்கும் இருட்டறை. பெத்தன் எட்டரைக்குக் குழாயைத்தான் நிறுத்துவான். பெட்டியை மெல்லிசாக வைத்துக்கொண்டு தான் மட்டும் ஒன்பது வரை கேட்பான். குலுக்கைக்கும் சுவருக்கும் நடுவில் என்னை நுழைத்துக்கொண்டு காதை வைத்தால் எனக்கும் கேட்கும். மறுநாள் காலையில் ஊருணிப் படியில் குடத்தை இறக்கி வைத்தவுடன் கேட்பார்கள். நான் சொல்வேன்.

எனக்குக் கதை சொல்லத் தெரியாது. ஒரு ஊரில் ஒருத்தன் இருந்தான், இப்படி ஆனது, அப்படிப் போனது என்று என்னால் கோக்க முடியாது. அவள் கேட்டாள், அவன் சொன்னான், அதற்கு அவள் சொன்னாள் என்றுதான் வரும். பேசினவர்களின் குரல் அப்படியே காதில் நிற்கும். இழுத்தது, மென்று முழுங்கினது, பாதியில் விட்டது எல்லாம் நிற்கும். அதையே நான் சொன்னதால் கேட்டவர்களுக்குக் குழாயில் கேட்ட மாதிரியே இருந்தது.

அறுபத்தாறில் யாரோ பெத்தன்மேல் எழுதிப் போட்டார்கள், ஊர்க் கரண்டில் தனியாக ரேடியோ கேட்கிறான் என்று. மேலே இருந்து ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். அதன்பிறகு பெத்தன் எட்டரைக்குப் பெட்டியையே அமர்த்திப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். நான் வழக்கம்போலக் காதை வைத்தேன். சுவர் சுவராக இருந்தது.

மறுநாள் ஊருணியில் கேட்டபோது, நேற்றுக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நாடகத்தில் பேசின இரண்டு பேரும் என் காதுக்குள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். விட்ட இடத்திலிருந்து அவள் கேட்டாள், அவன் சொன்னான். நான் அதைச் சொன்னேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. பெத்தனுக்கு மட்டும் தெரியும். ஒரு தடவை என்னைப் பார்த்து, "உங்க வீட்டுச் செவுத்துக்குள்ள தனியா ஒரு ஸ்டேசன் ஓடுது போல" என்றான். சிரித்தான். யாரிடமும் சொல்லவில்லை.

பொன்னுத்தாயியின் புருஷன் மருது. கல்யாணமான மறுவருஷம், அறுபத்திரண்டில், பினாங்கில் ஒரு செட்டியார் கடைக்குச் சமையலுக்குப் போனார். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் வரவில்லை. பொன்னுத்தாயி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாடு இரண்டும் அவள் பொறுப்பு, என் பிள்ளைகள் இரண்டும் பாதி நேரம் அவள் இடுப்பில். புருஷன் இத்தனை வருஷம் வராமல் போனால் ஊர் கூடிப் பழைய கல்யாணத்தைத் தீர்த்துவிட்டு மறுகல்யாணம் செய்து வைப்பது எங்களில் உண்டு. யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். ஆனால் பெண் கூட்டத்தில் நின்று தன் வாயால் 'தீத்துக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் இல்லாமல் எதுவும் நடக்காது.

என் வீட்டுக்காரர் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். இளையாத்தங்குடிப் பக்கத்து ஆள், நாகநாதன் என்று பேர். முதல் பெண்டாட்டி இறந்து மூன்று வருஷம். சொந்தத்தில் வயலும் கிணறும் இருந்தன. கார்த்திகையிலேயே ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போனார். ரொம்பப் பேசாத மனுஷர். பொன்னுத்தாயி மோர் கொண்டுபோய்க் கொடுத்தபோது எழுந்து நின்று வாங்கினார். அவளுக்கு அது பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். அடுப்படிக்கு வந்து, "எந்திரிச்சு நின்னுல்ல வாங்குறாரு" என்றாள். மார்கழியில் நல்ல காரியம் பேசக்கூடாது என்பதால் தை ஐந்தாம் தேதி பிள்ளையார் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் என்று முடிவாயிற்று. அவளும் சரி என்றாள்.

பொங்கலன்று அந்த நாடகம் வந்தது.

சுந்தரம் என்று ஒருத்தன் கப்பலேறிப் போகிறான். அவன் பெண்டாட்டி கோமதி காத்திருக்கிறாள். எட்டு வருஷம். கூடப் பிறந்த அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொள் என்கிறான். நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்கிறாள். மணலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பொன்னுத்தாயி எழுந்து வந்து கம்பத்துக்கு நேர் கீழே உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அன்று ராத்திரி கோமதி தூங்காமல் இருக்கிறாள். தெருவில் நாய் குரைக்கிறது. படல் திறக்கிற சத்தம். காலடிச் சத்தம். கதவை யாரோ தட்டுகிறார்கள்.

"யாரது?" என்கிறாள் கோமதி.

எட்டரை.

நான் வழக்கம்போல இருட்டறைக்குள் போனேன். சும்மா போவதுதான், போகாமல் இருந்தால் வீட்டில் கேட்பார்கள் என்று. அன்றைக்குப் பொன்னுத்தாயி பின்னாலேயே வந்தாள். ஒருநாளும் வந்ததில்லை. சிமினி விளக்கைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். நான் சுவரில் காதை வைத்திருந்தேன். மண் குளிர்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் பெத்தன் பூட்டைப் பூட்டுகிற சத்தம் கேட்டது, அப்புறம் அவன் செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. அவ்வளவுதான் கேட்டது.

"என்ன மதினி சொல்றான்?" என்றாள்.

"நாந்தான்னு சொல்றான்."

வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. யாரது என்று கேட்டால் நாந்தான் என்றுதான் வரும். காதில் வந்தது, சொன்னேன். அவள் விளக்கைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஒன்பது மணி வரை நான் வெறும் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு பேச்சாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் பேசாமல் இருந்தால், என்ன, என்ன என்று கேட்டாள். அழுகிறாள் என்றேன். இப்போது அவன் கால் கழுவத் தண்ணீர் கேட்கிறான் என்றேன். சொம்பு எங்கே இருக்கிறது என்று அவனே சொல்கிறான், எட்டு வருஷம் ஆகியும் மறக்கவில்லை என்றேன். பொன்னுத்தாயி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், யாரோ சாமான் கணக்குச் சொல்ல இவள் சரிபார்க்கிற மாதிரி.

மறுநாள் அவள் மாடுகளுக்குக் கொம்பு சீவி வண்ணம் பூசினாள். மருதின் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தாள். மூன்றாம் நாள் பெத்தாச்சி வந்தாள்.

பெத்தாச்சி வேலை பார்த்த வீட்டில் பெரிய ரேடியோ உண்டு. அடுப்படியை ஒட்டின தாழ்வாரத்தில்தான் இருக்கும், அங்கே எட்டரை கிடையாது. ராத்திரிப் பலகாரத்துக்கு வடை போட்டுக்கொண்டே முழு நாடகத்தையும் அவள் கேட்டிருக்கிறாள். வந்தது தபால்காரன் என்கிறாள். நான் சுந்தரம் என்கிறேன். உரித்த கிழங்கு அப்படியே கிடக்க, எல்லோரும் அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள்.

அப்போது நான் ஒன்று கேட்டேன். நாலு பேர் முன்னால் பொய்க்காரி ஆகிவிடக் கூடாதே என்றுதான் கேட்டேன். அதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறு நினைப்பு இருந்ததாக ஞாபகம் இல்லை. பொன்னுத்தாயி போய்விட்டால் மாட்டு வேலையும் என் தலையில்தான் விழும் என்று ஒரு மூலையில் இருந்ததோ என்னவோ, இப்போது அதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"தபால்காரன் வந்தான்னா ஏதாச்சும் சொல்லியிருப்பான்ல. சுருக்கிச் சொல்லாதீக. அவன் பேச்சை அப்படியே சொல்லுங்க, பாப்போம்."

பெத்தாச்சி முழித்தாள். "என்னமோ சொன்னான். கடிதாசின்னான். அவ வாங்குனா. அப்புறம் அழுதா... இல்லை, அழுகலை. சும்மா இருந்தா. கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்கலை. அப்புறம் வீணை மாதிரி வாசிச்சு முடிச்சுட்டாக."

"ஒண்ணுமே கேக்காததையா முழுசும் கேட்டீக?"

எல்லோரும் சிரித்தார்கள். வடை கருகிப்போன நேரமாக இருக்கும் என்று ஒருத்தி சொன்னாள். பெத்தாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. மடியில் இருந்த கிழங்குத் தோலை உதறிவிட்டு எழுந்தாள். எனக்கென்ன, யார் வந்தால் என்ன என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் சொன்னது நிஜம் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இல்லாததைக் கட்டிச் சொல்கிறவள் 'சும்மா இருந்தா' என்று சொல்லமாட்டாள். நானாக இருந்தால் அழவைத்திருப்பேன். தலைமாட்டில் புருஷன் படம் ஒன்றை வைத்து, அதைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசவைத்திருப்பேன். ஒன்றுமே கேட்காமல் கொஞ்ச நேரம் விடுவதற்கு எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

பொன்னுத்தாயி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுகூட நேரம் இருந்தது. தை ஐந்துக்கு இரண்டு நாள் இருந்தது. நான் அடுத்த கிழங்கை எடுத்து, சுந்தரம் கடைசியாக என்ன சொன்னான் என்பதை இன்னொரு முறை சொன்னேன். இனிமேல் எங்கேயும் போகமாட்டேன், போதும் கோமதி என்று சொன்னான். குரலைத் தழைத்துச் சொன்னேன். நன்றாக வந்தது.

ஐந்தாம் தேதி கூட்டத்தில் பொன்னுத்தாயியை நிறுத்திக் கேட்டார்கள். நாகநாதனும் அவருடைய சித்தப்பாவும் வேப்பமரத்துக்கு அங்குட்டு நின்றார்கள். தாம்பாளத்தில் பழமும் சேலையும் இருந்தன. துணி போட்டு மூடியிருந்தார்கள்.

"அவுக வருவாக," என்றாள் பொன்னுத்தாயி. "நான் இருக்கேன்."

இரண்டாம் முறை கேட்டார்கள். அதையே சொன்னாள். மூன்றாம் முறை என் வீட்டுக்காரர் கேட்க விடவில்லை. நாகநாதன் தாம்பாளத்தைத் தானே எடுத்துக்கொண்டு போனார். போகிறபோது இவளைப் பார்த்துத் தலையை ஒரு மாதிரி அசைத்தார். கோபம் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் அடுப்படி வாசலில் நின்று கேட்டார். மார்கழி முழுக்கச் சரியென்று இருந்தவள், யார் இவளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எப்படித் தெரியும் என்று சொன்னேனா, ஒன்றுமே சொல்லவில்லையா என்று நினைவில்லை. புளியில் கொட்டை கிடந்தது, எடுத்துப் போட்டேன். அது நினைவிருக்கிறது.

பயமோ துக்கமோ வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போனால், நம் கால்தான் என்று தெரியும், கிள்ளினால் உறைக்காது. அப்படி இருந்தது. நாளைக்குச் சரியாகிவிடும் என்று இருந்தேன். அப்படியே இருந்து பழகிவிட்டது.

நாகநாதன் வைகாசியில் வேறு பெண் கட்டினார். அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டத்தில் அவர்களைப் பார்த்தேன். அந்தப் பெண் உள்ளே கும்பிடப் போயிருந்தாள் போல. இவர் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, அதன் தலையில் வெயில் படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொன்னுத்தாயியும் என் பக்கத்தில் நின்றாள். அவளும் பார்த்தாள். தேங்காய் வாங்க வேண்டும், வாருங்கள் மதினி என்று சொல்லி நடந்தாள்.

நான் நாடகம் சொல்வதை விட்டுவிட்டேன். சுவர் பூசியதிலிருந்து கேட்கவில்லை என்று ஊருணியில் சொன்னேன். சுவரை யாரும் பூசவில்லை. கொஞ்ச நாள் குறைப்பட்டார்கள். அப்புறம் அவரவர் பாதி நாடகத்தோடு வீட்டுக்குப் போகப் பழகிக்கொண்டார்கள்.

எழுபத்தொன்றில் மாயக்கண்ணன் என்று ஒருத்தர் பினாங்கிலிருந்து திரும்பி வந்தார். மருதோடு ஒரே கடையில் இருந்தவர். எங்கள் வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மருது கடையை விட்டுப்போய் ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அங்கேயே குடும்பம். என் வீட்டுக்காரர் தங்கையை உட்காரவைத்துச் சொன்னார். அவள் முறத்தில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக எத்தனையாம்?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

"அப்படியா," என்றாள். மிச்சக் கடலையை உடைத்து முடித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள்.

இன்னொரு முறை கூட்டம் போடலாமா என்று அவர் கேட்டார். அதெல்லாம் வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.

எத்தனையோ தடவை அவளிடம் சொல்ல நினைத்தேன். சொல்லுகிற பேச்சு எனக்குள் தயாராக இருந்தது. பொன்னுத்தாயி, அன்றைக்குச் சுவரில் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவுதான். ஆனால் அதற்கு அவள் என்ன பதில் சொல்வாள் என்று எனக்கு வரவில்லை. எந்த நாடகத்தில் யாரை விட்டாலும் அடுத்த பேச்சு எனக்குக் கேட்டுவிடும். இவள் பேச்சு மட்டும் கேட்கவில்லை. அதனால் நான் முதல் பேச்சைத் தொடங்கவே இல்லை.

எழுபத்து நாலில் வீட்டுக்கு டிரான்சிஸ்டர் வந்தது. கையடக்கமான பெட்டி, தோலுறை போட்டது. எட்டரைக்குப் பயப்பட வேண்டியதில்லை. அந்த ஐப்பசியில் பெத்தன் செத்துப்போனான். கடைசி ஒரு மாதம் படுக்கையாகக் கிடந்தபோது பொன்னுத்தாயிதான் தினமும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை.

எழுபத்தைந்து பொங்கலுக்கு ரேடியோவில் அறிவித்தார்கள். விடுமுறை வாரம் முழுவதும் நேயர்கள் விரும்பிக் கேட்டிருக்கிற பழைய நாடகங்களை மத்தியானத்தில் மறுபடி போடுகிறார்கள். ஒவ்வொரு நாள் பேரையும் வாசித்தார்கள். தை மூன்றாம் தேதிக்கு அந்த நாடகம். நான் அடுப்படியில் இருந்தேன். பொன்னுத்தாயி கூடத்தில் இருந்தாள். 

மூன்றாம் தேதி ஆண்கள் சிராவயலுக்குப் போய்விட்டார்கள். இரண்டரை மணிக்குப் பொன்னுத்தாயி டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து முற்றத்தில் எங்கள் நடுவில் வைத்தாள். ஒரு கூடை மொச்சை இருந்தது. உரிக்கத் தொடங்கினோம்.

அதே குரல்கள். ஏழு வருஷத்தில் நான் ஒரு பேச்சும் மறக்கவில்லை. சுந்தரம் கப்பலேறினான். கோமதி காத்திருந்தாள். அண்ணன் வந்து பேசினான். அவன் பேசுவதற்கு முன்னால் என் உதடு அசைந்தது. பொன்னுத்தாயி அதைப் பார்த்தாள். வெயில் முற்றத்தில் பாதி தூரம் வந்திருந்தது. அவள் கைக்கு அருகில் உரித்த மொச்சை ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம், ஒழுங்காக இருந்தது. என்னுடையது கலந்து கிடந்தது.

நாய் குரைத்தது. படல் திறந்தது. காலடிச் சத்தம் வந்தது. இன்னும் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும், நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது, ரேடியோவே சொல்லிவிடும் என்று இருந்தேன். அது வரட்டும் என்றுதான் காத்திருந்தேன். கதவைத் தட்டினார்கள்.

"யாரது?" என்றாள் கோமதி.

பொன்னுத்தாயி கையை நீட்டி டிரான்சிஸ்டரை அமர்த்திவிட்டாள். டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் மாடு தலையை ஆட்டுகிற மணிச்சத்தம் மட்டும் கேட்டது. அவள் ஒரு மொச்சையை எடுத்து உரித்தாள், உள்ளே இருந்த மூன்றையும் கிண்ணத்தில் போட்டாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. மாட்டுக்குப் புண்ணாக்கு வைத்தாயிற்றா என்று கேட்கும்போது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"அன்னிக்குப் பெத்தாச்சி அக்காவக் கேட்டீகளே, அதைத்தான் கேக்குறேன். தபால்காரன் என்ன சொன்னான்? சுருக்கிச் சொல்லாதீக மதினி, அவன் பேச்சை அப்படியே சொல்லுங்க."